ஜூன் முப்பதைத் தாண்டிய கையெழுத்து

டெரிங்கா,
28 செப்டம்பர் 1986

அன்புள்ள தம்பி கிளெமுக்கு,

இங்கே நானும் உன் அண்ணி பெரிலும் நலம். அங்கே சுரங்கத்தில் உன் வேலையும் உடம்பும் நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். கிறிஸ்துமசுக்கு மூன்று மாதம் இருக்கும்போது அண்ணன் கையெழுத்தில் உறை வந்திருக்கிறதே, யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்துவிடாதே. நம் டெரிங்கா கால்பந்து கிளப் லீக் சாம்பியன் கொடியை ஜெயித்துவிட்டது. முப்பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு, போன சனிக்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை, இரண்டு புள்ளி வித்தியாசத்தில். அதுவும் பக்கத்து ஊர் மர்ரல்காரர்களை.

இதை மட்டும் சொல்வதென்றால் ஒரு தபால் அட்டை போதும். இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைப் படித்த பிறகு, வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு வரி எழுதி நீ அனுப்பும் அந்தக் கார்டும் நின்றுபோகலாம். அதனால் முதலில் நல்ல செய்தியை எழுதுகிறேன்.

ஏப்ரலில் ஆரம்பம் கேவலமாக இருந்தது. முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. கோச் பதவியைப் பிக்கரிங்குக்குக் கொடுத்திருந்தார்கள். எங்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியராகச் சேர்ந்து, என்னைத் தாண்டித் துணைத் தலைமையாசிரியர் ஆனானே, அவன்தான். நான் இருபத்தெட்டு வருஷம் சரித்திரம் நடத்தியதைவிட அவன் ஊதிய விசில் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. மூன்றாவது தோல்விக்குப் பிறகு உடைமாற்றும் அறையில் அவன் பேசியதைக் கேட்டேன். "டேய், ஆட்டத்துல தோத்தது பரவால்ல. பந்து வரும்போது கண்ண மூடுறீங்க பாரு, அத என்னால வீட்ல சொல்ல முடியல. என் பொண்டாட்டி சிரிக்கிறா," என்றான். பையன்கள் சிரித்தார்கள். அடுத்த வாரம் யாரும் கண்ணை மூடவில்லை. அவனை எனக்கு இப்போதும் பிடிக்காது. ஆனால் நன்றி அவனுக்கும் உண்டு.

மே கடைசியில் ரஸ்ஸல் ஹீனி வந்தான். ஆறடி ஆறங்குலம். நடுவர் பந்தைத் தரையில் அடித்து மேலே எழுப்பினால் வானத்திலேயே தட்டிவிடுவான். மர்ரலின் முதல் ஆட்டக்காரன். அவன் மனைவிக்கு நம் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்து, இருவரும் இங்கே குடிவந்துவிட்டார்கள். ஆனால் பழைய கிளப்பின் செயலாளர் கையெழுத்துப் போட்ட க்ளியரன்ஸ் தாள் இல்லாமல் எவனும் புதுக் கிளப்பின் சட்டையை மாட்ட முடியாது. ஜூன் முப்பது தாண்டினால் அந்த வருஷம் போனதுதான். உனக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மர்ரலின் செயலாளர் இன்றும் அதே மெர்வ் நூனன்தான், அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். 1958இல், நாம் பதிவு செய்யாத ஆளை ஆடவிட்டோம் என்று லீக்கில் புகார் கொடுத்து, ஜெயித்த ஆட்டத்தின் நான்கு புள்ளிகளை நம்மிடமிருந்து பறித்தவன். அன்றிலிருந்து நான் அவனிடம் பேசுவதில்லை. லீக் கூட்டங்களில் இரு கிளப்புகளின் செயலாளர்களாக எதிரெதிரே உட்கார்ந்து தலைவரைப் பார்த்துத்தான் பேசுவோம். அவன் ஹீனியின் தாளை ஜூன் முப்பது வரை மேசைக்குள் வைத்திருப்பான் என்று கமிட்டியில் சத்தியம் செய்தேன். நாலாவது நாள் தாள் வந்துவிட்டது, கையெழுத்தோடு. ஏதோ சூது இருக்கிறது என்று அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

ஹீனி வந்த பிறகு பதினொரு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தோம். இறுதிப்போட்டியில் எதிரே மர்ரல்.

இரண்டு செயலாளர்களும்தான் நேரம் பார்ப்பவர்கள் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தத் தகரக் கூண்டில், ஒரே பெஞ்சில், ஆளுக்கொரு கடிகாரத்தோடு நூனனும் நானும் எத்தனையோ வருஷம் உட்கார்ந்திருக்கிறோம். "பதினெட்டு." "பதினெட்டு." எண்களைத் தவிர வேறு வார்த்தை கிடையாது. ஆட்டத்தின் ஒவ்வொரு கால்பகுதி முடிவிலும் ஒருவராகச் சைரன் பொத்தானை மாற்றி மாற்றி அழுத்துவோம். கடைசிக் கால்பகுதி அன்று அவன் முறை.

இருபத்தேழாவது நிமிடத்தில் நாம் எழுபத்துநான்கு, அவர்கள் எழுபத்திரண்டு. மைதானத்தைச் சுற்றி நிறுத்தியிருந்த கார்களில் ஒரு ஹார்ன்கூட இல்லை. பந்து அவர்கள் பக்கம் போனது. கோலுக்கு இருபது கஜத்தில், எதிரே யாருமில்லாமல், அவர்களின் முன்வரிசைக்காரன் பந்தைப் பொறுக்கக் குனிந்தான். அவன் எடுத்து உதைக்க, கோலுக்கான ஆறு புள்ளியும் கொடியும் அவர்களுக்குப் போக, இன்னும் இரண்டு விநாடி போதும். என் கடிகாரத்தில் நேரம் முடிந்து முள் நின்றது. நான் நூனனின் விரலைப் பார்த்தேன். அவன் அழுத்தினான். அந்த விநாடியே.

பந்து கோலுக்குள் போனது. சைரனுக்குப் பிறகு போனதால் அதற்குக் கணக்கில்லை.

நம் ஆட்கள் எல்லாரும் மைதானத்துக்குள் ஓடினார்கள். பிக்கரிங் அழுதானாம். நான் பார்க்கவில்லை. நேர அட்டையில் இருவரும் கையெழுத்துப் போடாமல் கூண்டைவிட்டு இறங்கக் கூடாது என்பது விதி. நூனன் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினான். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவனிடம் பேசினேன்.

"ரெண்டு விநாடி தாமதிச்சிருக்கலாமே நூனன். எவனுக்குத் தெரியும்?"

"உமக்குத் தெரியுமே. பக்கத்துல கடிகாரத்த வெச்சிக்கிட்டு எருமை மாதிரி மூச்சு விட்டுட்டு உக்காந்திருந்தீரே."

"ஹீனிக்கும் கையெழுத்துப் போட்டீங்க."

"அவன் பொண்டாட்டிக்கு இங்க வேலை. ஒவ்வொரு பயிற்சிக்கும் அறுபது கிலோமீட்டர் வண்டி ஓட்டுவானா? தாள் கேட்டான், போட்டுக் குடுத்தேன். அவன் கால நான் என்ன விலைக்கா வாங்கி வெச்சிருக்கேன்? எங்க தலைவர் ஒரு வாரம் என்னத் திட்டினாரு. இன்னிக்கு ராத்திரி மறுபடி ஆரம்பிப்பாரு."

நான் சொன்னேன்: "உங்க இடத்துல நான் இருந்திருந்தா போட்டிருக்க மாட்டேன்."

"தெரியும் வாத்தியாரே," என்றான். "இருபத்து மூணு வருஷமாத் தெரியும்."

கிளெம், இதற்கு மேல் எழுதப் பேனா ஓடவில்லை. பெரில் ஒரு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "எழுதி முடிங்க. இல்லன்னா இந்த வருஷம் அவன் கார்ட நான் பிரிச்சுப் படிச்சுக் காட்ட மாட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

1963 ஜூனில் மெல்போர்னின் பெரிய கிளப் ஒன்று உன்னைக் கேட்டு அனுப்பிய க்ளியரன்ஸ் தாள் தபாலில் தொலையவில்லை. பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன் என்று நான் உன்னிடம் சொன்னது பொய். அந்த வருஷம் நீ இருந்தால் கொடி நமக்குத்தான் என்று நினைத்தேன். ஜூன் முப்பது தாண்டும் வரை அது என் மேசையில், பெரிய லத்தீன் அகராதிக்கு அடியில் இருந்தது. பிறகும் அங்கேயே இருந்தது.

இது உனக்குப் புதுச் செய்தி இல்லை என்பதை அன்று கூண்டில் நூனன் சொல்லித்தான் அறிந்தேன். அந்த ஜூலையில் நீ மர்ரல் தபால் நிலையத்துக்குப் போய், பதிவுத் தபாலைத் தேட முடியுமா என்று கேட்டாயாம். நம் ஊர்ப் பதிவுத் தபாலெல்லாம் அங்கே போய்த்தானே ரயிலேறும். அவன் பேரேட்டைப் புரட்டிப் பார்த்து, அப்படி எதுவும் வரவில்லை என்றானாம். அதற்கு நீ, "சரி, தொலைஞ்சுபோச்சுன்னே இருக்கட்டும். யார்ட்டயும் சொல்லாதீங்க. எங்க அண்ணன் இங்கதான் வாத்தியாரா இருக்கணும்," என்றாயாம்.

அவனும் யாரிடமும் சொல்லவில்லை. லீக் கூட்டத்தில் நான் அவனை எத்தனை தடவை அவமானப்படுத்தியிருக்கிறேன், உனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அன்றே முடிந்திருப்பேன். அவன் வாயைத் திறக்கவில்லை.

ஜூலையிலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது. செப்டம்பர் இறுதிப்போட்டியில் எங்களுக்காக ஐந்து கோல் அடித்தாய். தோற்ற பிறகு என் தோளில் கைபோட்டு, "விடுண்ணே, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றாய். அக்டோபரில் மேற்கே கால்கூர்லிச் சுரங்கத்துக்கு ரயிலேறினாய். சொல்லாமல் கொள்ளாமல் ஊரையும் கிளப்பையும் கைவிட்டுப் போனவன் என்று இத்தனை வருஷம் உன்மேல் நான் கோபமாக இருந்தேன். நன்றாக யோசித்துப் பார். நான் உன்மேல் கோபமாக இருந்தேன்.

கோபத்தில் நானே பிரிக்காமல் பெரிலைப் படிக்கவிட்ட உன் இருபத்திரண்டு கார்டுகளையும் நேற்று எடுத்து மேசைமேல் பரப்பினேன். "நலம். அங்கும் நலமா?" என்றுதான் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஒன்றில்கூட வேறு எதுவும் இல்லை. அதற்கு உனக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். கொடி இரண்டாவது.

அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். இன்றைய தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நாற்பத்துமூன்று வயதில் உனக்கு அது எதற்கும் உதவாது. கிழித்துப் போட்டாலும் சரி.

இன்னொரு விஷயம். வரும் ஏப்ரல் நான்காம் தேதி, முதல் சொந்த மைதான ஆட்டத்தில் கொடியை ஏற்றுகிறார்கள். அதிக வருஷம் செயலாளராக இருந்தவன் என்பதால் கயிற்றை என்னை இழுக்கச் சொன்னார்கள். கப்பி துருப்பிடித்திருக்கிறது, ஒருவரால் இழுக்க முடியாது, என் தம்பி வந்தால்தான் ஆகும் என்று கமிட்டியில் சொல்லியிருக்கிறேன். கப்பிக்குப் போன வாரம்தான் எண்ணெய் போட்டார்கள். இதுவும் பொய்தான்.

வா, கிளெம்.

உன் அண்ணன்,
ஆல்வின் ட்ரூவின்