ஓவர்லாக்கையும் சேர்த்துப் போட்ட கணக்கு

வேலம்பாளையம்,
ஞாயித்துக்கெழமை

என்ர கண்ணு செல்வக்குமாருக்கு அம்மா எழுதறது. இங்க நான் நல்லா இருக்கறேன், முட்டிவலி கோட ஒரு வாரமாச் சொன்ன பேச்சுக் கேக்குது. அங்க நொய்டாவுல நீயும் தேவிப்பிரியாவும் என்ர பேத்தி தேஜஸ்ரீயும் நோவு நொடி இல்லாம இருக்கோணும்னு தெனமும் வெளக்கு வெக்கறப்பச் சொல்லிக்கறேன். பாப்பாளுக்குச் சளி விட்டுருச்சா? பல்லு மொளைக்கறப்ப அப்படித்தான் இருக்கும், அதுக்காக ஓயாம மருந்தை ஊத்தாதீங்க. கையில போனை வெச்சுக்கிட்டு அம்மா என்னத்துக்குக் காயிதம் எழுதறான்னு நெனைப்பே. போன்ல நான் ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள மீட்டிங்குங்கறே, அப்பறம் கூப்பிடறேங்கறே. காயிதம்னா நடுவுல நீ பூந்து பேச முடியாது பாரு. அதனால ஒக்காந்து கடைசி வரைக்கும் படி.

நான் இந்த ஊட்டைக் காலி பண்ணிட்டு அங்க வர்றதுக்கு நீ வாட்சப்புல அனுப்புன கணக்கை நாலஞ்சு தடவை பார்த்தேன். தேவிக்கு லீவு முடிஞ்சு வேலைக்குப் போகோணும், பாப்பாளைப் பாத்துக்க ஆள் வேணும், நான் வரேன்னு சொன்னது சொன்னதுதான், அதுல மாத்தமில்லை. நீயும் நல்லாத்தான் கணக்குப் போட்டிருக்கறே, ஊட்டுச் சாமானெல்லாம் ஏத்தி வர்ற பேக்கர்ஸ்காரனுக்கு முப்பத்தாறாயிரம், எனக்குக் கோயமுத்தூருல இருந்து பிளேனுக்கும் டாக்சிக்கும் ஒம்பதாயிரம். கழிக்கற பக்கத்துல ஊட்டு அட்வான்ஸ் இருபதாயிரம், அதுக்குக் கீழ, என்ர தையல் மெசினை, மெசின் வித்தது பதினோராயிரம்னு போட்டிருந்தே. விக்கறதுனு கோட இல்லை, வித்ததுனே எழுதிப்போட்டே. அதைப் பார்த்துட்டு ரெண்டு நாள் உனக்குப் போனே பண்ணலை. காச்சல்னு நெனைச்சுட்டே. காச்சலுமில்லை ஒண்ணுமில்லை, உன் மேல கோவம்.

இப்பக் கோவம் போயிருச்சு, அதனால பொறுமையாச் சொல்றேன். பேக்கர்ஸ்காரன் போன்ல ஊட்டைச் சுத்திக் காட்டச் சொன்னான், காட்டுனேன். முதல்ல முப்பத்தாறுன்னான், அப்பறம் மாடி ஏத்தறதுக்குத் தனி, இன்சூரன்சு தனி, வரி தனின்னு ஒவ்வொண்ணா எடுத்து உட்டான். கூட்டிப்பாத்தா நாப்பத்தி நாலுக்குப் போகுது. நீ ஏத்தி வரச் சொன்ன சாமான் என்ன, துருப்புடிச்ச பீரோ, கதவு சாத்துனா மறுபடியும் தானே தொறந்துக்கற பிரிட்ஜு, உங்கப்பா இருந்தப்ப வாங்குன கட்டில். அங்க இதையெல்லாம் வெக்கறதுக்கு எடம் இருக்குதாம், மெசின் வெக்க எடமில்லையாமா. ஏங்கண்ணு, இது உனக்கே நாயமா?

அதனால நான் கணக்கை மாத்திப் போட்டேன். பீரோவை அஞ்சாயிரத்துக்குக் குடுத்தாச்சு, பிரிட்ஜுக்கு மூணாயிரம் குடுத்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. கட்டிலைப் பக்கத்தூட்டுப் பூனம் வாங்கிக்கிட்டா, பீகார்க்காரப் புள்ளை, உனக்குத் தெரியும், என்ர கோட பனியன் கம்பெனியில ஒரே தையல் லைன்ல இருந்தவ. சும்மா எடுத்துக்கோனுதான் சொன்னேன், கேக்காம ஆயிரத்தி ஐநூறு கையில திணிச்சுட்டா. ஆக மொத்தம் ஒம்பதாயிரத்தி ஐநூறு. ஊட்டு ஓனரு அட்வான்ஸ்ல வெள்ளையடிக்க மூணாயிரம் புடிச்சுக்கிட்டு பாக்கி பதினேழாயிரத்தைக் காலி பண்ற அன்னைக்குத் தரேனு சொல்லியிருக்கறாரு, அதைப் பாப்பா பேருல போடு, இந்தக் கணக்குல அதைச் சேர்க்கவே வேண்டாம். பிளேனும் வேண்டாம். டெல்லி போற வண்டி நம்மூருலயே நிக்குது, ரெண்டு ராத்திரி படுத்தா வந்து எறங்கிறலாம், மூணாம் ஏசிக்கு ரெண்டாயிரத்தி நானூறு. பாசை தெரியாம முழிப்பேனு பயப்படாதே. லைன்ல முக்காவாசிப்பேரு இந்திக்காரங்கதான், வருசக்கணக்கா அவங்க கோட மல்லுக்கட்டி எனக்கு அரைகுறையா இந்தி வந்துருச்சு. வெட்டுன துணிப்பீசைக் கேட்டு வாங்கறதுக்கும் சண்டை போடறதுக்கும் போதும், டீ வாங்கிக் குடிக்கப் பத்தாதா?

பாத்திரம் பண்டத்தை நம்ம பார்சல் ஆபீசுல போட்டுறலாம்னு, கம்பெனியில இருந்து பழைய அட்டைப்பெட்டி வாங்கியாந்து நானே கட்டுனேன். அதுல ஒரு கூத்து நடந்துச்சு, சொன்னாச் சிரிப்பே. அனுப்பர்பாளையத்துல வாங்குன அந்தப் பெரிய பித்தளை அண்டா இருக்குதில்ல, நசுங்கிறக் கூடாதுனு அதுக்குள்ளயும் வெளியயும் பனியன் வேஸ்டுத் துணியாப் போட்டு அமுக்குனேன், டம்ளருக்கு வேஸ்டு, தோசைக்கல்லுக்கு வேஸ்டு, தோசைக்கல்லு எங்க போய் ஒடையப் போகுதுனு அப்பத் தோணலை. சும்மா கெடைக்குது, திணிச்சேன். பார்சல் ஆபீசுல தராசுல ஏத்துனா கிலோவுக்குப் பதிமூணு ரூவாங்கறான், சாமானை விட வேஸ்டு கனம். துணிக்கு இத்தனை கனமானு அந்தப் பையன் வாயில கையை வெச்சுட்டான். பொறகென்ன, அங்கயே பெட்டியைப் பிரிச்சு ஒக்காந்து கலர் கலரா உருவி எடுத்தேன், லோடுமேனுங்க எல்லாம் சுத்தி நின்னு வேடிக்கை பாத்தாங்க. ஒரு மூட்டை வேஸ்டு வந்துச்சு, ஐநூறு ரூவா மிச்சம். பனியன்லயே பொழைச்சவ அதோட கனம் தெரியாம இருந்துட்டேன் பாரு, மானமே போச்சு. ஆனா அங்க அடிக்கற குளிருக்குனு, கம்பெனியில கழிச்சுப் போட்ட செகண்ட்சுல எடுத்த பிளீஸ் துணியில மூணு போர்வை தெச்சேன், அதை மட்டும் எடுக்க உடலை. இத்தனை வருசம் குளிர்நாட்டுக்காரங்களுக்கே தெச்சு அனுப்புனமே, நாமளும் ஒண்ணப் போத்திப் பார்ப்பமே.

இப்ப மெசினுக்கு வர்றேன். நீ கேட்டே, அம்மா இத்தனை நாள் ஒழைச்சது பத்தாதா, இங்க வந்து ராணியாட்ட இருக்கக் கூடாதானு. நீ நல்ல மனசுல சொன்னது தெரியும் சாமி. ஆனா எனக்குப் பயமா இருக்குது. பதினெட்டு வயசுல லைன்ல ஒக்காந்தேன், அதுல இருந்து சனிக்கெழமை சாயங்காலம் சம்பளக்காசு கையில வாங்காம நான் ஊடு வந்ததில்லை, நீ பொறந்தப்ப இருந்த மூணு மாசத்தைத் தவுத்து. ஊட்டோட மெசின் போட்டுக் கழுத்துப்பட்டி ஓவர்லாக் அடிச்சுக் குடுக்கற இந்த வருசங்கள்லயும் சனிக்கெழமை காசு தவறலை. அங்க வந்தாச் சனிக்கெழமை நான் யாருகிட்டப் போயி நிக்கறது? உன்ர கிட்டயா? நீ குடுப்பே, கேக்கறதுக்கு முந்தியே குடுப்பே, அது எனக்குத் தெரியும். இந்தச் சித்ரகலா இருக்கறாளில்ல, என்ர கோட பேட்லாக் மெசின் ஓட்டுன டைலர், மக ஊட்டுக்கு ஐதராபாத்துக்குப் போனா. தங்கமான மருமகன்தான். ஆனா போன் ரீசார்ஜுக்குக் கேக்கறப்பெல்லாம் எச்சில் முழுங்க வேண்டியிருக்குதுக்கானு என்ர கிட்டச் சொல்லி அழுகறா. பாப்பாளுக்கு ஒரு கொலுசு எடுக்கோணும்னா உன்ர காசுல எடுத்து உன்ர பாப்பாளுக்கே நான் போட்டு உடறதா? அது என்ன சீரு?

உன்ர பக்கத்து நாயமும் எனக்குத் தெரியுது. ஏழாவது மாடி, மெசின் ஓடுனா அதிரும், கீழ்ஊட்டுக்காரங்க சத்தம் போடுவாங்கன்னே. அதுக்குத்தான் நம்ம மெக்கானிக்கு இசக்கிமுத்துவைக் கூப்பிட்டுக் காட்டுனேன். அவரு பார்த்துட்டு, எக்கா, பழைய மோட்டாருதான் கத்துது, சத்தமில்லாத சர்வோ மோட்டாரா மாத்திருவோம், காலுக்கு ரப்பரு வச்சா எறும்பு கூட முழிக்காதுன்னாரு. பழைய மோட்டாரை எடுத்துக்கிட்டு ரெண்டாயிரத்தி ஐநூறுக்கு மாத்திக் குடுத்துட்டாரு, ஓட்டிப் பார்த்தேன், மிக்சி சத்தம் கோட இல்லை. பாப்பா தூங்கறப்ப மட்டுந்தான் ஓட்டுவேன், அவ முழிச்சிருந்தா அவதான் எனக்கு முதலாளி. உங்க கேட்டுக்கிட்ட மரத்தடியில ஒருத்தரு காலு மெசின் போட்டுத் தெச்சுட்டு இருக்கறாராம், டீசர்ட்டைக் குடுத்தா ஓரம் பிரிஞ்சு பிரிஞ்சு வருதாம், அவருகிட்ட ஓவர்லாக் இல்லையாம். அவரு பொழைப்புல நான் கை வெக்க மாட்டேன். அவரு கீழ தெக்கட்டும், நான் மேல ஓரம் அடிச்சுக் குடுக்கறேன், பீசுக்கு இத்தனைனு பேசிக்குவோம். நம்மூரே இப்படி ஒருத்தருக்கொருத்தர் ஜாப் ஒர்க் குடுத்துத்தான ஓடுது.

இதெல்லாம் உனக்கு யாரு சொன்னாங்கனு கேப்பே. தேவிதான் சொன்னா. மரத்தடித் தையக்காரரைப் பார்த்து வந்து சொன்னதும் அவதான், பால்கனியில டேப்பு வெச்சு அளந்து போட்டோ எடுத்து அனுப்புனதும் அவதான். மெசினை டேபிளோட போட்டா கோட துணி காயப்போட எடம் மிச்சம் இருக்குதாம். அவளைக் கோவிச்சுக்காதே. அவளும் நாளைக்கு வேலைக்குப் போயிச் சம்பளம் வாங்கற புள்ளை, நான் சொன்னதை முழுசாச் சொல்லி முடிக்கறதுக்குள்ள அவளுக்குப் புரிஞ்சு போச்சு. உனக்குத்தான் காயிதம் எழுத வேண்டியிருக்குது.

அதனால கண்ணு, நான் உன்ர கிட்டக் கேக்காம ஒரு காரியம் பண்ணிட்டேன். மெசினை வித்தாச்சுனு நீ எழுதுன மாதிரியே, நானும் தாட்டி உட்டாச்சு, அங்க அனுப்பியாச்சுனு எழுதறேன். அமாவாசையன்னைக்குக் காத்தால மெசினுக்குச் சந்தனம் குங்குமம் வெச்சு, சூடம் காட்டி, பாத்திரத்தோட ஒட்டுக்கா பார்சல் ஆபீசுல போட்டுட்டேன். அமாவாசையில போயி எதையாச்சும் ஆரம்பிப்பாங்களானு பூனம் கன்னத்துல கையை வெச்சுக்கிட்டா, அவங்க ஊருல ஆகாதாம். நம்மளுக்கு நெறைஞ்ச நாளு புள்ளை, நீ பயப்படாதேன்னு சொல்லி அவளையே ஒரு பக்கம் புடிக்கச் சொன்னேன். இசக்கிமுத்து மெசின் தலையைக் கழட்டி மரச்சட்டம் அடிச்சுக் குடுத்தாரு, பூட்டறப்ப அவருக்கு வீடியோ கால் போடு, சொல்லிக் குடுப்பாரு. பார்சலு, ஆட்டோ, புது மோட்டாரு, என்ர டிக்கெட்டு, வழிச்சோறு எல்லாம் சேர்த்து ஒம்பதாயிரத்தைத் தாண்டலை. சாமான் வித்த காசுலயே முடிஞ்சிருச்சு. நீ ஒரு ரூவா அனுப்ப வேண்டாம். பார்சல் ரசீதை இதோட வெச்சிருக்கறேன், அது இல்லாட்டி அங்க சாமானைக் குடுக்க மாட்டாங்களாம், அதுக்குத்தான் கூரியர்.

டிக்கெட்டுக்குக் காசு எடுத்து வெச்சிருக்கறேனே தவுத்து டிக்கெட்டு இன்னம் எடுக்கலை. மெசினை எறக்கி, பால்கனியில பூட்டி, இங்க வெச்சாச்சும்மானு நீ போன் பண்ணு, அன்னைக்கே நான் ஸ்டேசனுக்குப் போறேன். எறக்க மனசில்லாட்டி அதே வண்டியில திருப்பி அனுப்பீரு, நான் கோவிச்சுக்க மாட்டேன், பாப்பாளைப் பாத்துக்க நல்ல ஆளாப் பாத்துக்க. நான் இங்கயே அதோட இருந்துக்குவேன். உன்ர ஊட்டுக்கு வர்றதுக்கு எனக்கு ஆசைதான், சாமி, ராத்திரியெல்லாம் பாப்பா மொகந்தான் கண்ணுக்குள்ள நிக்குது. ஆனா வந்தா வேலை செஞ்சு சம்பாரிக்கறவளா வரோணும், விருந்துக்கு வந்த ஒறம்பரையா வர மாட்டேன்.

நீங்க மூணு பேரும் நூறு வருசம் நல்லா இருக்கோணும், சென்னிமலை முருகன் கூடவே நிப்பான். தேவியை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு, பால் குடுக்கறவ. சாமான் எறக்கறப்ப உன்ர ஆதார் அட்டையை மறக்காம எடுத்துட்டுப் போ.

உன்ர அம்மா,
மயிலாத்தாள்,
ஓவர்லாக் டைலர்