ஃபாயிஸாவின் ரோஸ் திரை

"கம்ப்யூட்டர் திரை மறுபடி ரோஸாயிருச்சு. வைரஸ்தான். மத்தியானம் மெக்கானிக் வந்து எல்லாத்தையும் அழிச்சிரட்டும்" என்று கத்திவிட்டுக் கோரிப்பாளையம் கடைக்குப் போனார் சேக் இஸ்மாயில். அவர் மனைவி சபியா, வெளியே கிளம்புமுன் திரையில் சீட்டு ஒட்டினாள்:

"ஏங்க, வைரஸ் இல்ல, நாந்தான். தெனமும் கம்ப்யூட்டர் போட்டதும் வர்ற பேருகள்ல நம்ம மக ஃபாயிஸா பேர அழுத்தித் திறப்பேன். கல்யாணமாகி ஷார்ஜா போறதுக்கு முந்தி அவ வச்ச ரோஸ் திரையும் பூனைப் படமும் அப்படியே வரும். பாத்துட்டு மூட மறந்துருவேன். உங்க பேர அழுத்துனா உங்க நீலம் வந்துரும். மத்தியானச் சோத்துக்கு ஊத்திக்க ஆணம் அடுப்புமேல இருக்கு."

ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்: "அவ பேர அழிச்சிராதீங்க."

சாயங்காலம் சபியா திரும்பியபோது, சீட்டின் அடியில் அவர் எழுதியிருந்தார்: "மெக்கானிக்கத் திருப்பி அனுப்பிட்டேன். எனக்கும் மூட மனசு வரல."