பூசாமல் விட்ட பக்கம்

என் செல்ல மகளுக்கு,

போன மழையில் நம் மண்சுவர் பாதி கரைந்துவிட்டது. அப்பா கடைசியாகப் பூசிய விரல் தடம் அதில் இருப்பதால் நான் யாரையும் தொடவிடவில்லை. இன்று புஜ்ஜிலிருந்து மண்வீட்டுப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளோடு உன் பெரியப்பா மகள் ஹேதல் வந்து நின்றாள்.

“சித்தி, வர்ற மழைக்குச் சுவரே நிக்காது. அப்புறம் தடத்தை எங்க போய்த் தேடுவீங்க?”

“வாயாடி! பழசைச் சுரண்டினா கையை ஒடிப்பேன்.”

“யாரு சுரண்டுறா? நனைச்சு மேலதானே பூசுவோம். சித்தப்பா கை உள்ளயே இருக்கும்.”

கழுதை விட்டையும் மண்ணும் நானே மிதித்துக் குழைத்தேன். மூக்கைப் பிடித்த பிள்ளைகள்கூடப் பூசினார்கள். அழுதுகொண்டே நானும் பூசினேன்.

வாசல் பக்கம் மட்டும் விட்டிருக்கிறேன். அப்பா போனபின் நீ வீட்டுக்கு வரவேயில்லை. மழைக்கு முன்னால் வந்து உன் கையால் பூசு.

உன் அம்மா