சந்தையடி மறியல் அறை

அக்கா,

இன்று காலை அலுமாரியைக் கிண்டியபோது உங்கள் பாத்திரம் துடைக்கும் துணி அகப்பட்டது. வேல்ஸில் நீங்கள் கடை வைத்திருந்த சின்ன ஊரின் பழைய மறியல் அறை, பிடிபட்டவர்களை அடைத்து வைத்த அறை, அதில் படமாக அச்சிடப்பட்டிருக்கிறது. கல்லுச் சுவர், ஒரே கதவு, யன்னல் இல்லை. எத்தனை தரம் தோய்த்தும் மீன்குழம்புக் கறை போகவில்லை.

அந்தக் குழம்பை மறப்பேனா? மகளோடு இருக்கக் கனடாவுக்கு, இந்த ஸ்காபரோவுக்கு வந்து என் பக்கத்து வீட்டுக்காரியான புதிதில், குடிவரவுத் தடுப்பு நிலையத்தில் எங்கடை தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்களாம், பார்க்கப் போவோம் என்றீர்கள். இடியப்பமும் குழம்பும் கட்டி, அந்தத் துணியால் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினீர்கள். சாப்பாடு உள்ளே விடமாட்டோம் என்று வாசலில் சொல்லிவிட்டார்கள். எங்கள் நாட்டு மறியலிலேயே விடுவார்களே என்று பொரிந்து தள்ளினீர்கள். கடைசியில் காருக்குள் இருந்து நாங்களே சாப்பிட்டு முடித்தோம்.

அப்போதுதான் அந்த அறையின் கதையைச் சொன்னீர்கள். சம்பளப் பொலிஸ் வராத காலம். ஊரார் முறைவைத்துக் காவல் பார்ப்பார்கள்; அந்த முறை செருப்புத் தைக்கிறவர்தான் காவல்காரர். சந்தையில் குடித்துச் சண்டை போட்டவனை அடைத்துவிட்டு, விடியக் கதவைத் திறந்து, இவனை யாருக்குத் தெரியும் என்று சனத்திடம் கேட்பாராம். ஒருவர் முன்வந்து பொறுப்பேற்றால் வீட்டுக்கு விடுவார். இல்லாவிட்டால் தூரத்து நகரத்துச் சிறைதான். கடைக்கு வந்த கிழவர்கள் சொன்னது, மெய்யோ பொய்யோ தெரியாது என்றும் சொன்னீர்கள்.

"உள்ளை இருக்கிறவனுக்கு வெளியிலை தெரிஞ்ச முகம் ஒண்டு வேணும், பிள்ளை."

அதன்பிறகு ஞாயிறு தவறவில்லை. நான் பனியைச் சாட்டி வரவில்லை என்றால் சப்பாத்தோடு என் வாசலில் வந்து நிற்பீர்கள்.

நீங்கள் கண்மூடியபின் தனியே போகிறேன். மட்டக்களப்புப் பிள்ளை ஒருவன், இங்கே சொந்தமென்று ஒருவரும் இல்லாதவன், பிணைக்கு ஆளில்லாமல் உள்ளே இருக்கிறான். எப்போது போனாலும், வெளியில் குளிரா அன்ரி என்று கேட்பான். இன்று அவனுக்கு விசாரணை. நான் பொறுப்பு நிற்கப் போகிறேன் என்றதும் வீட்டில் ஒரே சண்டை.

"முன்னப்பின்னத் தெரியாதவனுக்கு நீர் ஏன் கையெழுத்து வைக்கிறீர்?" என்கிறார் என் கணவர்.

அவன் எங்காவது போய்விட்டால் என் கதி என்ன என்று எனக்கும் பயம்தான். பயத்தோடேயே சேலை கட்டிவிட்டேன்.

அவனை உமக்கு எப்படித் தெரியும் என்று அங்கேயும் கேட்பார்கள். ஞாயிறு ஞாயிறாக முகம் பார்த்துத் தெரியும் என்று சொல்வேன். அதற்குமேல் என்ன வேண்டும்?

துணி கைப்பையில் இருக்கிறது. இந்த முறை சாப்பாடு கட்டவில்லை, அக்கா. குழம்பை இறக்கி அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன். அவன் இங்கே வந்து சாப்பிடட்டும்.