எல்லாச் சேலைகளும்

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

கொழும்பிலிருந்து நீங்கள் போட்ட கடிதத்தில் அத்தையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சுகமாக இருக்கிறார்கள். என்னைப் பற்றியும் கொஞ்சம் எழுதுகிறேன்.

அத்தை வாதத்தில் விழுந்ததிலிருந்து எனக்குச் சரியான உறக்கம் இல்லை. போன மாதம் கஞ்சி ஊட்டிக்கொண்டே உட்கார்ந்தபடி உறங்கிவிட்டேன். அத்தை யாரிடமோ சொல்லி அனுப்பி, கீழப்பாவூரிலிருந்து என் அண்ணனை வண்டியோடு வரவழைத்துவிட்டார்கள்.

"ஏட்டி, அம்மை வீட்டுல போயி நல்லா உறங்கு. பக்கத்து வீட்டு மூக்கம்மா என்னைப் பாத்துக்கிடுவா" என்று குழறிச் சொன்னார்கள்.

பெட்டியில் எல்லாச் சேலைகளையும் எடுத்து வைத்தேன். அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அம்மா வீட்டில் உறங்கித் தீர்த்தேன். ஒரு நாள் காலையில் கண் விழித்ததும், நமக்குக் கல்யாணமான வருடம் நினைவுக்கு வந்தது. குற்றாலத்தில் பயந்து நின்ற என்னை அத்தை கையைப் பிடித்து அருவிக்குள் இழுத்தார்களே! கூந்தல் அவிழ்ந்து எப்படிச் சிரித்தார்கள்! அந்தச் சிரிப்பை மறுபடியும் கேட்க வேண்டும் போலிருந்தது. அன்றே மேலகரத்துக்குத் திரும்பிவிட்டேன்.

"வந்துட்டியாட்டி?" என்று அத்தை அழுதார்கள்.

"சாரல் விழுதுல்லா அத்தை. உங்களை அருவிக்குக் கூட்டிட்டுப் போகண்டாமா?" என்றேன். கோணிய வாயோடு சிரித்தார்கள்.

என் ஒருத்தியால் அவர்களைத் தூக்க முடியாது, அத்தான். இந்த வருடமும் லீவு கிடைக்கவில்லை என்று எழுதாதீர்கள். வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி