பக்கத்து நிரையில் நின்றவள்

தங்கம் தனுஜாவுக்கு,

நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் இதை உன் சோற்றுப் பெட்டிக்கு அடியில் வைக்கிறேன்.

நேற்று தேயிலைக் கொழுந்து மூட்டையிலேயே அடைந்து கிடந்து சிவந்துபோனதற்கு உன்னைக் குறை சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பேக்டரிக்கே வந்துவிட்டேன். "என் பேத்தி டிப்ளோமா படிச்சவ! மூட்டை தூக்குற அந்த பங்களாதேசி ரபீக்தான் பிரிச்சுக் கொட்ட மறந்திருப்பான்லா" என்று மேனேஜர் முன்னால் கத்தினேன். ரபீக் தலை குனிந்து நின்றார்.

நீ என் கையைப் பிடித்தாய். "பாட்டி, சும்மா இருங்க. பிரிச்சுக் கொட்டச் சொல்ல மறந்தது நான்தான். காலையிலேயே மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்."

முப்பத்தெட்டு வருசம் நானும் கொழுந்து எடுத்தேன். எடை கூடட்டும் என்று கூடைக்கு அடியில் போட்ட முற்றின இலையைக் கணக்கெழுதும் கிராணி கண்டுபிடித்தால், பக்கத்து நிரையில் நின்றவளைக் கை காட்டுவேன். அதைச் சாமர்த்தியம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன், தங்கம்.

அஞ்சாவது வரைதான் படித்தேன் என்று இதற்குச் சாக்குச் சொல்ல மாட்டேன். இன்று சாயங்காலம் ரபீக்கிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன், எல்லாரும் இருக்கும்போதே. நீ துணைக்கு வரவேண்டாம். நீயும் தனியாகப் போய்த்தானே சொன்னாய்.

தலைகுனிந்து,
உன் பாட்டி