அண்ணன் அனுப்பாத கடிதம்

2002 மே 28, செவ்வாய்

அக்னி நட்சத்திரம் இன்றோடு முடிகிறதாம். வெயிலுக்குத் தெரியாது போல. காலையில் தெரு நீளத்துக்குத் தறிக்கான பாவு நூலை இழுத்துக் கட்டியிருந்தார்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓரமாக ஜெராக்ஸ் கடை. எல்லாம் மறுபடி இரண்டு பிரதி: அமெரிக்கக் கல்லூரி அனுப்பிய ஐ-20 படிவம், மதிப்பெண் பட்டியல், உதவித்தொகைக் கடிதம், பாஸ்போர்ட். பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்தில் போன மாதத்து முத்திரை. ‘விண்ணப்பம் பெறப்பட்டது’ என்று மட்டும்தான் இருக்கும். நிராகரித்தார்கள் என்று அர்த்தம்.

பிறகு விசா கன்சல்டன்சி ரவி சார். இரண்டாவது நேர்காணல் ஜூன் 12.

“போன தடவ மாட்டுனது உங்க அண்ணனாலதான்மா. ஃபார்ம்ல ஸ்டூடன்ட்னு எழுதிட்ட. நாலு வருஷமா இன்னா படிக்கிறார்னு கேட்டா முழிச்சிக்கினு நின்னிருக்க. அவர் காலேஜ்லருந்து ஒரு லெட்டர் வாங்கி வச்சிக்கோ, போதும்.”

போதுமாம்.

மோகன் அண்ணன் இரண்டாம் வருடமே கல்லூரியை விட்டுவிட்டான். விசாவும் போய்விட்டது. அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில் பெட்ரோல் பங்க்கை ஒட்டிய கடையில் நிற்கிறான். இது வீட்டில் எனக்கு மட்டும் தெரியும். அப்பாவுக்கு அவன் இன்னும் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற பிள்ளை. தறியில் உட்கார்ந்தபடியே வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்வார்.

மே 30, வியாழன்

இன்டர்நெட் சென்டரில் ஒரு மணி நேரம். பாதியில் கரண்ட் போய்த் திரும்ப வந்தது. இரண்டு மெயில்.

ஒன்று அங்கே என்னைச் சேர்த்துக்கொண்ட பேராசிரியரிடமிருந்து. ஆகஸ்டில் சந்திக்கலாம், புள்ளியியல் துறையில் எனக்கு மேசை ஒதுக்கியாகிவிட்டது, ஜன்னல் பக்கம். இதை ஏன் எனக்குச் சொல்கிறார்.

இன்னொன்று அண்ணன். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தான். ‘லெட்டருக்கு நான் எங்க போவேன் கௌரி? என் பேரை அங்க எடுக்காத. நான் இங்க இருக்கறதே அவங்களுக்குத் தெரியக் கூடாது. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத.’

கோபமாக நிறைய எழுதி, எல்லாவற்றையும் அழித்து, ‘சாப்பிட்டியா’ என்று மட்டும் அனுப்பினேன்.

ஜூன் 2, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு அண்ணன் போன். அப்பா தறியிலிருந்து எழுந்து வந்தார். நான் தடுப்பதற்குள் கேட்டே விட்டார்.

“ஒரு லெட்டர்தானேபா. தங்கச்சிக்கு இது கூட செய்ய மாட்டியா? உன் சாரு கையெழுத்து போட்டா ஆச்சு.”

ரிசீவருக்கு வெளியே கேட்டது அண்ணன் குரல். “அனுப்பறேம்பா. நாளைக்கே அனுப்பறேன்.”

“பாத்தியா! கேட்ட ஒடனே ஒத்துக்கினான்” என்றார் அப்பா. முகமெல்லாம் சிரிப்பு. அம்மா தலை நிமிராமல் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஏன்டா அப்படிச் சொன்னாய்.

ஜூன் 7, வெள்ளி

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பத்தாம் வகுப்பு பி பிரிவு இந்த வருடமும் எனக்கே. “அமெரிக்கா போவலியா மிஸ் நீங்க?” என்று ஒரு பெண். போகிறேன் என்றேன். எப்போ என்றாள். கரும்பலகைக்குத் திரும்பிக்கொண்டேன்.

தபால்காரர் தெருவில் நுழைந்தாலே அப்பா வாசலில் நிற்கிறார். இன்று பாதி வழிக்கே போய்விட்டார். “வந்தா குடுக்காம நான் இன்னா பண்ணப் போறேன்பா?” என்று தபால்காரர் சிரித்தது எனக்கு என்னவோ போல் இருந்தது.

சாயந்திரம் அம்மாவோடு கச்சபேசுவரர் கோயில். குளத்துப் படியில் உட்கார்ந்ததும் கேட்டாள்.

“அந்த லெட்டர் வராது, இல்ல?”

நான் ஒரு சின்னக் கல்லைப் பொறுக்கித் தண்ணீரில் போட்டேன்.

“போன வருஷம் போட்டோ அனுப்பனான் பாரு, கேக் வெட்டறாப்பல. அதுல அவன் கையப் பாத்தேன். படிக்கிற புள்ள கையா அது? வெடிப்பு வெடிப்பா இருக்குது.” பிறகு, “உங்கப்பாகிட்ட சொல்லாதமா. தாங்க மாட்டாரு.”

ஒரு வருடமாகத் தெரிந்திருக்கிறது. தனியாக வைத்துக்கொண்டு நூல் சுற்றியிருக்கிறாள். நானும்தான், அடுத்த அறையில்.

வரும் வழியில் மழைத் தூறல். புழுக்கம் கூடியதுதான் மிச்சம்.

ஜூன் 11, செவ்வாய்

புது ஃபார்ம். ‘அமெரிக்காவில் சகோதரர் இருக்கிறாரா? அவர் நிலை என்ன?’ பென்சிலால் ‘மாணவர்’. அழித்தேன். காலியாக விட்டுப் பார்த்தேன். போன தடவை எழுதியது அவர்களிடம் இருக்கிறதே. மறுபடி ‘மாணவர்’. மறுபடி அழித்தேன். தாள் நைந்துவிட்டது.

கடைசியில் பேனாவால், ‘இப்போது மாணவர் அல்ல.’ ரவி சாரிடம் காட்டவில்லை.

நாளைக்கு: ஃபைல், போட்டோ, குடை, அப்பாவுக்குத் தலைவலி மாத்திரை.

ஜூன் 12, புதன்

முடிந்தது.

முதல் பஸ். பூந்தமல்லி வரை நின்றுகொண்டே. அமெரிக்கக் கான்சுலேட் வாசலில் வரிசை ஏற்கெனவே வளைந்து போயிருந்தது. அப்பா மேம்பாலத்து நிழலில் உட்கார்ந்துகொண்டார், பட்டுக் கரை வேட்டியில். எனக்காகக் கட்டிவந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மாள். என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கலாம். மரியாதையாகத்தான் பேசினார். மதிப்பெண்கள் நன்றாக இருக்கின்றன என்றார். பிறகு பழைய ஃபார்மையும் புதியதையும் அருகருகே வைத்தார்.

அண்ணன் எப்போது படிப்பை விட்டார்? சொன்னேன். இப்போது எங்கே? அங்கேதான் என்று ஊர்ப் பேரையும் சொன்னேன். என்ன செய்கிறார்? கடையில் வேலை என்றேன். போன தடவை ஏன் மாணவர் என்று எழுதினீர்கள்? பயமாக இருந்தது என்றேன்.

நீங்கள் படித்துவிட்டுத் திரும்பி வருவீர்கள் என்று நான் எப்படி நம்புவது?

அப்பா அம்மா இங்கே இருக்கிறார்கள் என்றேன். சொல்லும்போதே தெரிந்துவிட்டது. அவனுக்கும் அவர்கள்தானே அப்பா அம்மா.

அந்த அம்மாள் ஏதோ எழுதிக்கொண்டார். உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றார். முத்திரை குத்தினார். போன தடவை நிராகரித்தபோது கொடுத்த அதே வெள்ளைத் தாள்.

வெளியே வந்ததும் அப்பா எழுந்து நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

“இன்னாமா கேட்டாங்க? அந்த லெட்டரா?”

“இல்லப்பா. என்னைப் பத்திதான் கேட்டாங்க. எனக்குச் சரியா சொல்ல வரல.”

“இங்கிலீஷா?”

“ஆமாம்பா.”

எம்.எஸ்ஸி.யில் முதல் வகுப்பு வாங்கிய பெண். அதையும் நம்பிக்கொண்டார். பஸ் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியது. அப்பா ஒரு சாத்துக்குடியை உரித்து, பாதியை என் கையில் வைத்தார்.

ஜூன் 13, வியாழன்

பள்ளிக்கு லீவு. பேராசிரியருக்கு எழுத உட்கார்ந்து ஒரு வரியும் வரவில்லை. ஜன்னல் பக்கத்து மேசையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று எப்படி எழுதுவது.

அதைவிட இன்னொன்று அறுக்கிறது. அண்ணன் பேர், ஊர், கடை எல்லாம் என் வாயால் சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் ஏதோ எழுதிக்கொண்டாரே, அது என்ன? அவனைத் தேடி யாராவது போவார்களா? யாரிடம் கேட்பது? ரவி சாரிடம் கேட்க முடியாது. அம்மாவிடம் சொல்ல முடியாது.

உண்மையைச் சொன்னேன். விசாவும் கிடைக்கவில்லை. அவனையும் காட்டிக்கொடுத்துவிட்டேனோ என்னவோ.

சோற்றை அப்படியே மூடி வைத்தேன். அம்மா விசாவுக்காக என்று நினைத்துக்கொண்டாள்.

ஜூன் 16, ஞாயிறு

ஏழு மணிக்கு போன். அப்பாதான் எடுத்தார்.

“உன் லெட்டர் இன்னும் வந்து சேரலபா. பரவால்ல வுடு, லெட்டரால ஒண்ணும் இல்ல. இவளுக்குத்தான் பேச வாய் வரல. உன் தைரியம் இவளுக்கு ஏது?”

பிறகு ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்.

அண்ணன் குரலைத் தணித்துக் கேட்டான்.

“கௌரி, என்னைப் பத்தி எதனா கேட்டாங்களா?”

“இல்லண்ணா.”

“நல்லா யோசிச்சு சொல்லு. ஒண்ணுமே கேக்கலியா?”

“ஒண்ணும் கேக்கல.”

பெருமூச்சு விட்டான். “சரி, அடுத்த வருஷம் பாரு. கெடைக்கும்” என்றான்.

அப்பா ரிசீவரை வாங்கிக்கொண்டார். “தீபாவளிக்காவது வர்றியாபா?”

நான் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டேன்.